கார்க் துணியின் நிறம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? வாங்குவது முதல் வெட்டித் தைப்பது வரை ஒரு வழிகாட்டி

ஒரே கடையில், ஒரே பெயரில், இரண்டு மாத இடைவெளியில் வாங்கிய கார்க் துணியை அருகருகே விரித்துப் பாருங்கள். ஒன்று தேன் நிறத்தில் இருக்கும், மற்றது காய்ந்த மணல் நிறத்தில் இருக்கும். ஒரே மீட்டருக்குள்ளேயே ஒரு மூலையில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும், இன்னொரு மூலை வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் இதைப் பார்த்ததும் கடைக்காரர் தரமில்லாத சரக்கைத் தள்ளிவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படி இல்லை.

பை, பர்ஸ், பெல்ட், நோட்டுப்புத்தக அட்டை என்று கார்க் துணியில் தைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த நிற வேறுபாட்டைத் தைத்து முடித்த பிறகு எதுவும் செய்ய முடியாது. வெட்டுவதற்கு முன்னால் நிறையச் செய்யலாம். அதற்கு ஒவ்வொரு புள்ளியும் கோடும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கார்க் துணி என்பது மரப்பட்டையை மெல்லிய ஏடுகளாகச் சீவி அடித்துணி மேல் ஒட்டியது. அதனால் முதலில் மரத்துக்குப் போவோம்.

பட்டை வளரும் விதம்

கார்க் என்பது குவெர்கஸ் சூபர் என்ற ஓக் மரத்தின் வெளிப்பட்டை. மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றித்தான் இந்த மரம் இயல்பாக வளர்கிறது: போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, பிறகு இத்தாலியின் சார்டீனியா, பிரான்சின் கோர்சிகா. உலகின் கார்க்கில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் இருந்து வருகிறது, அதிலும் தெற்கே உள்ள அலென்டேஜு பகுதியில்தான் காடுகள் அதிகம். நம் ஊர் மரமல்லியை ஆங்கிலத்தில் இந்திய கார்க் மரம் என்று சொல்வதுண்டு. அதன் பட்டையை மட்டமான மாற்றுப் பொருளாகப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. கார்க் ஓக்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

மரத்துக்கு ஏறத்தாழ 25 வயது ஆகும்போது முதல் முறை பட்டையை உரிக்கிறார்கள். போர்ச்சுகலில் இதற்குச் சட்டமே இருக்கிறது: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டரைத் தொட்ட பிறகுதான் கோடாரி வைக்கலாம், அடுத்த உரிப்புக்குக் குறைந்தது 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைக்கிறார்கள். 4 என்று எழுதியிருந்தால் 2024-ல் உரித்த மரம் என்று அர்த்தம்.

முதல் உரிப்பில் கிடைப்பது கன்னிப் பட்டை. கரடுமுரடாக, பிளவு பிளவாக இருக்கும். இரண்டாவது உரிப்பு அதைவிடப் பரவாயில்லை. மூன்றாவது உரிப்பிலிருந்து கிடைப்பதை அமாடியா என்பார்கள். மரத்துக்கு அப்போது 40 வயதைத் தாண்டியிருக்கும். வழவழப்பான, ஒரே சீரான இந்தப் பட்டைதான் ஒயின் பாட்டில் மூடிக்குப் போகிறது. கார்க் தொழிலின் பணம் பெரும்பாலும் மூடியில்தான் இருக்கிறது. துணிக்கு வரும் பட்டையின் குணம் பலவாறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூடிக்கு உதவாத பட்டையில்கூடத் துணிக்கு ஏற்ற அழகு இருக்கலாம்.

சரி, நிறம் எங்கிருந்து வருகிறது?

கார்க்கின் செல்கள் உள்ளே காலியானவை, காற்றைத் தவிர எதுவும் இல்லை. எனவே நிறம் முழுவதும் செல் சுவரில்தான் இருக்கிறது. அந்தச் சுவரில் சூபெரின் என்ற மெழுகு போன்ற பொருள் 40 சதவீத அளவுக்கு இருக்கும். அதோடு மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், கொஞ்சம் டானின் என்ற துவர்ப்புப் பொருள், மெழுகுகள். வசந்த காலத்தில் மரம் வேகமாக வளரும்போது உருவாகும் செல்கள் பெரியவை, சுவர் மெல்லியது. அதனால் அந்தப் பகுதி வெளிர் நிறமாகத் தெரியும். இலையுதிர் காலத்தை நெருங்கும்போது செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, அந்த அடுக்கு கருத்துத் தெரியும். இப்படி ஆண்டுக்கு ஒரு வெளிர் அடுக்கும் ஒரு கருங்கோடும் சேர்ந்த ஒரு வளையம் விழுகிறது. மழை பொய்த்த ஆண்டில் வளர்ச்சி குறைந்து கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். உரிப்பு நடப்பது கோடையில், பொதுவாக மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. ஆகவே 9 ஆண்டுப் பட்டையில் முழு வளையங்கள் 8, இரு ஓரங்களிலும் அரை வளையம் ஒவ்வொன்று.

அடுத்தது புள்ளிகள். பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள திசு மூச்சுவிடுவதற்காக வெளியிலிருந்து உள்ளே வரை குறுக்காக ஓடும் நுண்ணிய குழாய்கள் உண்டு. தாவரவியலில் இவற்றைப் பட்டைத்துளை என்பார்கள். இந்தக் குழாய்களுக்குள் பழுப்பு நிறப் பொடி போன்ற ஒன்று அடைந்திருக்கும். கார்க் துணியில் நீங்கள் பார்க்கும் கரும்பழுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை இவைதான். மரத்துக்கு மரம் இதன் எண்ணிக்கை வெகுவாக மாறும். ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒன்று சுத்தமாகவும் மற்றது சல்லடையாகவும் இருப்பது சாதாரணம். மண்ணும் மழையும் ஒருபுறம் இருக்க, மரத்தின் பிறவிக் குணமும் இதில் சேர்கிறது.

இதற்கு மேல் தற்செயலானவை. க்ரெமடோகாஸ்டர் இன எறும்புகள் பட்டைக்குள் சுரங்கம் தோண்டிக் குடியிருக்கும். கொரேபஸ் உண்டாட்டஸ் என்ற வண்டின் புழு, பட்டை வளரும் அடுக்கிலேயே நெளிந்து நெளிந்து அரித்துக்கொண்டு போகும். இரண்டும் தடம் விடும். பட்டையின் வெளிமுகம் வெயிலும் மழையும் பட்டுக் கருத்து இறுகியிருக்கும், மரத்தை ஒட்டியிருந்த உள்முகம் வெளிறி இருக்கும்.

உரித்த பலகைகளைப் பல மாதங்கள் வெளியில் அடுக்கி வைத்து, பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். வளைந்த பட்டை தட்டையாகிறது, டானினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்குகிறது. எவ்வளவு இறங்கியது என்பதும் பலகைக்குப் பலகை மாறும். ஆக, தொழிற்சாலைக்குள் நுழையும்போதே இரண்டு பலகைகள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

கத்தி எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள்

ஒரே பலகையை இரண்டு விதமாகச் சீவினால் இரண்டு விதமான துணி கிடைக்கும். பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது.

வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் துளை வட்டமாகத் தெரியும், நீளவாக்கில் கீறினால் அதே துளை நீண்ட கோடாகத் தெரியும் அல்லவா? பட்டைத்துளைக் குழாயும் அப்படித்தான். பட்டையின் முகத்துக்கு இணையாகச் சீவினால் குழாயின் வாய் மட்டும் தெரியும்: வட்டப் புள்ளிகள், சிறு ஓட்டைகள். ஆண்டு வளையங்கள் இதில் கோடாகத் தெரியாது. அவை மேகம் போன்ற பெரிய வெளிர்த் திட்டுகளாகவும் கருந்திட்டுகளாகவும் படரும். பலகையை அதன் தடிமன் வழியாகச் சீவினால், குழாய்கள் கருங்கீற்றுகளாக நீண்டு ஓடும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வளையங்கள் இணைகோடுகளாகத் தெரியும்.

உங்கள் துணியை எடுத்து ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். புள்ளிகள் மட்டும் இருக்கின்றனவா, கீற்றுகளும் கோடுகளும் இருக்கின்றனவா? புள்ளித் துணி என்றால் எந்தத் திசையில் வெட்டினாலும் கண்ணுக்கு அதிகம் உறுத்தாது. கீற்றுத் துணிக்குத் திசை உண்டு. புடவைக் கரையைத் திருப்பிப் போட்டால் தெரிவதுபோல இதில் துண்டுகளைத் திருப்பிப் போட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

கார்க் துணி நெய்த துணி அல்ல. பலகைகளையோ பட்டைகளையோ ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டியாக்கி, அதிலிருந்து மெல்லிய ஏடுகளாகச் சீவி, பருத்தி அல்லது பாலியஸ்டர் அடித்துணி மேல் ஒட்டுகிறார்கள். மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். கார்க், அடித்துணி எல்லாம் சேர்ந்தும் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான தடிமன்தான். ரோலின் அகலம் சுமார் 1.4 மீட்டர்.

சந்தையில் கிடைப்பவற்றை நிற வேறுபாட்டின் கண்ணோடு பார்த்தால் மூன்று சங்கதிகள் போதும். இயற்கை ஏட்டுத் துணியில் பெரிய ஏடுகள் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும், ஏட்டுக்கு ஏடு நிறம் தாவும், இடையில் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். நாடாத் துணியில் குறுகிய கார்க் நாடாக்களை வேண்டுமென்றே வெளிர், கருமை என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். துகள் துணி என்பது அரைத்த கார்க்கைப் பசையோடு அழுத்திய கட்டியிலிருந்து சீவியது. தூரத்தில் பார்த்தால் ஒரே நிறம், அருகில் பார்த்தால் பொட்டுப் பொட்டாக இருக்கும்.

இருபது பைகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தால் தயங்காமல் துகள் துணியை வாங்குங்கள். இயற்கை ஏட்டுத் துணியை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி இருபது பை தைக்க முயல்வது வீண் வேலை, துணியும் பாதிக்குப் பாதி கழிவாகும். ஒன்றிரண்டாகத் தைப்பவர்களுக்கு ஏட்டுத் துணிதான் சுவை. தங்கத் துகள், வெள்ளித் துகள் தூவியதும் கிடைக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. மின்னும் துகள்கள் கார்க்கின் தானான கோலத்தை மறைத்துவிடுகின்றன. வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆர்டர் கொடுக்கும்போது

இணையத்தில் பார்க்கும் படம் ஒரு ரோலின் ஒரு மூலை மட்டுமே. ஆகவே படத்தை நம்பி அளவு கணக்கிடாதீர்கள். விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: இப்போது கையிலுள்ள ரோலின் படம் வேண்டும், அதைப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், அருகில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுக்க வேண்டும், குறைந்தது அரை மீட்டர் நீளமாவது படத்தில் தெரிய வேண்டும். வெள்ளைத்தாள் ஏன் என்றால், கேமரா நிறத்தைத் தன் விருப்பத்துக்கு மாற்றும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் துணியும் உண்மையில் அவ்வளவு மஞ்சள் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சாம்பிள் துண்டு கேட்டு வாங்குவது நல்லதுதான், ஆனால் அது தடிமனையும் வளைவையும் பூச்சையும் பார்ப்பதற்கு மட்டும். உள்ளங்கை அளவுத் துண்டு நிற வேறுபாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒரு வேலைக்கு வேண்டிய துணி முழுவதையும் ஒரே தடவை, ஒரே ரோலிலிருந்து, ஒரே தொடர்ச்சியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அரை மீட்டர் நான்கு என்று வாங்கினால் நான்கு வெவ்வேறு ரோலிலிருந்து வரலாம். நெய்த துணியில் வழக்கமாக எடுப்பதைவிடக் கால் பங்கு கூடுதலாக எடுப்பது என் வழக்கம். கீற்றுத் துணியாக இருந்தால் இன்னும் கொஞ்சம். பிறகு போதவில்லை என்று அதே பெயரில் ஆர்டர் செய்தால் வேறு மரத்தின் பட்டைதான் வரும்.

வந்ததும் பிரித்துப் பாருங்கள்

ரோலாக வந்த துணியைத் தட்டையாக விரித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். சுருண்டிருக்கும்போது பூச்சின் பளபளப்பு நிறத்தை ஏமாற்றும். அடுத்த நாள் காலை, நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்குக்கு அடியில் தேன் நிறமும் மணல் நிறமும் ஒன்றாகவே தெரியும், வெள்ளை எல்இடி-யில் இரண்டும் பிரிந்து தெரியும். பகல் வெளிச்சம் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். ஒரு முறை நின்று பாருங்கள், ஒரு முறை இரண்டு மூன்று அடி பின்னால் போய்ப் பாருங்கள். பையைப் பார்ப்பவர்கள் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள்.

இப்போது எது இயல்பு, எது குறை என்று பிரிக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

கரும்புள்ளி, பழுப்புக் கீற்று, மேகத்திட்டு, ஏட்டுக்கு ஏடு நிறம் மாறுவது, மெல்லிய இணைப்புக் கோடு எல்லாம் இயல்பு. இவற்றுக்காகச் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்புவதும் நியாயமில்லை.

புள்ளிக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் உண்டு. விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பூச்சு மூடிய புள்ளி. நகம் சிக்கினால் குழி. குழியில் அடித்துணி வெள்ளையாக எட்டிப் பார்த்தால் அந்த இடத்தை முகப்புக்கு எடுக்காதீர்கள், உள்ளறைக்குப் போதும். ஒன்றிரண்டு குழிகள் எல்லா ரோலிலும் இருக்கும். உள்ளங்கை அளவுக்குள் பத்துப் பதினைந்து இருந்தால் புகார் செய்யலாம்.

இணைப்புக் கோட்டைச் சோதிக்க, துணியைக் கார்க் பக்கம் வெளியே இருக்கும்படி அந்தக் கோட்டின் மேலேயே மடித்துப் பாருங்கள். கோடு கோடாகவே இருந்தால் சரி. ஓரம் தூக்கிக்கொண்டாலோ செதில் எழும்பினாலோ ஒட்டு சரியில்லை. அது குறைதான், நிறத்தோடு சம்பந்தமில்லாத குறை.

கறுப்பு அல்லது பச்சைத் திட்டு ஒன்று இணைப்புக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் பல ஏடுகள் மேல் படர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். மரத்தின் நிறம் ஏட்டின் எல்லையோடு நின்றுவிடும். பூஞ்சையும் தண்ணீர்க் கறையும் எல்லை பார்க்காது. புறத்தைத் திருப்பி அடித்துணியைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்புங்கள். இந்த ஏட்டு எல்லைச் சோதனை ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுக்கிப் பார்த்து வெட்டுவது

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நெய்த துணியில் இரண்டாக மடித்து இரண்டு துண்டை ஒரே வெட்டில் எடுப்போம். கார்க் துணியில் அதை மறந்துவிடுங்கள். ஒற்றை அடுக்காக, கார்க் முகம் மேலே தெரியும்படி விரித்து, ஒவ்வொரு துண்டாகத்தான் வெட்ட வேண்டும். புறப்பக்கம் வரைந்து வெட்டினால் முன்பக்கம் எந்தப் புள்ளி எங்கே விழுந்தது என்று தெரியாமலே போய்விடும். முகம் மேலே வைத்து வெட்டும்போது இடது, வலது மாறும் துண்டுகளுக்கு அச்சு அட்டையை, அதாவது துண்டின் வடிவில் வெட்டிய மாதிரி அட்டையை, திருப்பிப் போட மறக்க வேண்டாம்.

அச்சு அட்டைக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சு செய்துகொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்தாலும் சரி, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கெட்டியான ஓஎச்பி ஷீட்டானாலும் சரி. இன்னும் நல்ல வழி, தடித்த அட்டையின் நடுவில் துண்டின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஜன்னலைத் துணி மேல் நகர்த்திப் பார்ப்பது. சுற்றியுள்ள துணி மறைந்துவிடுவதால், வெட்டிய பிறகு துண்டு எப்படி இருக்கும் என்பது அப்படியே தெரியும். தையலுக்கு மடங்கும் ஓரத்தையும் கழித்து, வெளியே தெரியும் பகுதிக்கு மட்டும் ஜன்னல் வெட்டுங்கள்.

எந்தத் துண்டை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தோள் பை என்று எடுத்துக்கொண்டால், முதலில் மேல்மூடி. பையைப் பார்ப்பவர் கண் முதலில் விழும் இடம் அது. துணியில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடத்தை அதற்குக் கொடுங்கள். அது புள்ளியே இல்லாத இடமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அடர்த்தியான புள்ளிக்கூட்டம் ஒன்று மூடியின் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தால் அழகாக இருக்கும், சரி நடுவில் விழுந்தால் கறை போலத் தெரியும். பிறகு முன்பக்கம். மூடிக்கு அடியில் வருவதால் இரண்டும் ஒரே ஏட்டிலிருந்து, முடிந்தால் ஒன்றின் தொடர்ச்சியாக அடுத்தது வரும்படி எடுங்கள். அப்புறம் பின்பக்கம், அப்புறம் பக்கவாட்டுப் பட்டைகள். உள்ளறையும் ஜிப் ஓரமும் கடைசி. குழி விழுந்த இடங்கள், தூக்கலான இணைப்புக் கோடுகள் எல்லாம் அவற்றுக்குப் போகட்டும்.

இரண்டு துண்டுகளுக்கு நடுவே நிறம் எவ்வளவு மாறலாம்? என் கணக்கு இதுதான்: அருகருகே சேரும் துண்டுகளின் நிறம் அநேகமாக ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே செய்தது என்று தெரியும் அளவுக்கு மாறியிருக்க வேண்டும். இடைப்பட்ட நிலைதான் மோசம். கொஞ்சமே கொஞ்சம் மாறிய இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால், துணி போதாமல் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுபோல இருக்கும். முன்பக்கம் முழுவதும் வெளிர், பக்கவாட்டு முழுவதும் கருமை என்று பிரித்துவிட்டால் அதே துணி யோசித்துத் தைத்த பையாகிவிடும். பக்கவாட்டுக்குக் கருத்த துண்டைத் தருவதில் இன்னொரு லாபமும் உண்டு, உரசலும் அழுக்கும் அங்கே அதிகம் தெரியாது.

கைப்பிடியும் தோள்வாரும் தனிக் கதை. நீண்ட வாரை ரோலின் நீளவாக்கில் வெட்டினால் ஒரே ஏட்டு வரிசையில் ஓடலாம், அகலவாக்கில் வெட்டினால் பல ஏடுகளைக் கடந்து நிறம் நாலைந்து தடவை தாவும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். இரட்டைக் கைப்பிடி என்றால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் இணையாக வெட்டுங்கள், அப்போது நிறத் தாவல் இரண்டிலும் ஒரே உயரத்தில் வரும். இணைப்புக் கோடு, இழுவை அதிகம் விழும் உலோக வளையத்துக்கு அருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்ஸ் போன்ற சிறு பொருளுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். ஆனால் ஒன்று, மடிப்புக் கோட்டின் மேல் பெரிய குழியோ தடித்த கீற்றோ வரக்கூடாது. கார்க் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

எல்லாத் துண்டுக்கும் இடம் முடிவு செய்த பிறகு, புறப்பக்கம் பென்சிலால் பெயரும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். மேசை மேல் பையின் வடிவில் அடுக்கி மொபைலில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் கவர்ச்சி போய், வெளிரும் கருமையும் மட்டும் மிஞ்சும். ஒத்துவராத துண்டு ஏதாவது இருந்தால் அதில் அப்பட்டமாகத் தெரியும்.

வெட்டுவதற்கு ரோட்டரி கட்டரும் இரும்பு ஸ்கேலும் சிறந்தவை. குண்டூசி குத்த வேண்டாம். கார்க்கில் விழுந்த துளை ஆறாது, பிறகு அதைப் புள்ளி என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கும். கிளிப் போதும்.

தையல்

சுருக்கமாகச் சொன்னால், 90 எண் கூர் ஊசி, 3 முதல் 3.5 மில்லிமீட்டர் தையல் நீளம். சிறிய தையல் கார்க்கைக் கிழிகோடாக ஆக்கிவிடும். பிரித்துத் தைக்க முடியாது என்று நினைத்தே தைக்க வேண்டும்.

நிறத்தோடு சம்பந்தப்பட்டது நூல் மட்டும்தான். துணியின் சராசரி நிறத்துக்கு நூல் எடுக்கத் தோன்றும். அப்படி எடுத்தால் வெளிர் இடத்தில் கருத்தும் கரிய இடத்தில் வெளுத்தும் தெரியும், தையல் அலைவதுபோலத் தோன்றும். புள்ளிகளின் கரும்பழுப்பு நிறத்தில் நூல் எடுங்கள். துணியில் ஏற்கெனவே எங்கும் இருக்கும் நிறம் என்பதால் எல்லா இடத்திலும் பொருந்தும்.

சாயமிட்ட கார்க்

நீலம், பச்சை, சிவப்பு என்று சாயமிட்ட கார்க் துணியில் வேறுபாடு இருக்காது என்று நினைக்க வேண்டாம். சாயம் பெரும்பாலும் ஊடுருவித் தெரியும் தன்மை கொண்டது. அடியில் தேன் நிறம் இருந்தால் நீலம் சற்றே பச்சை கலந்து தெரியும், அடி வெளிர் என்றால் சுத்த நீலமாகத் தெரியும். புள்ளிகள் சாயத்துக்குக் கீழேயும் கருத்தே நிற்கும். கறுப்பும் அடர் பழுப்பும் வேறுபாட்டை நன்றாக மறைக்கும். வெள்ளையும் இளநிறங்களும் நிறமிப் பூச்சில் கிடைப்பவை, அங்கே கார்க்கின் முகம் பாதி மறைந்துவிடும்.

சாயத் துணியை வாங்கியதும் ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வெளிர் நிற உடையோடு உரசும் பைக்கு அது ஆகாது.

வெயில், இரும்பு, ஈரம்

துணி வாங்கிய நாளின் நிறம் அப்படியே நிலைக்காது. வெயில் படப்பட இயற்கை நிறக் கார்க் வெளிறும். கடை ஜன்னலில் வைத்த பையின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போவது இதனால்தான். ரோலை ஜன்னல் பக்கம் வைத்திருந்தால் வெளிச்சுற்று வெளுத்து, உள்சுற்று பழைய நிறத்திலேயே இருக்கும், ஒரே ரோலில் இல்லாத வேறுபாட்டை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள். பழுப்புத்தாளில் சுற்றி, வெயில் படாத அலமாரியில், மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள்.

இரும்பைத் தள்ளி வையுங்கள். கார்க்கில் மிச்சமிருக்கும் டானினும் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் நீலக் கறுப்பாகக் கறை விழும், கழுவினால் போகாது. கலம்காரியில் கறுப்புக் கோடு உருவாவதும் இதே வேதியியல்தான்: கடுக்காயில் ஊறிய துணி மேல், இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரைகிறார்கள். பையில் மலிவான பக்கிள் போட்டு, முலாம் போய், மழையில் நனைந்தால் வளையத்தைச் சுற்றி அந்தக் கறை வரும். அதனால் பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, துத்தநாகக் கலவை இவற்றில் ஏதாவது ஒன்றில் செய்த பக்கிளைப் போடுங்கள். வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு தெரிந்துவிடும், ஆனால் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கார்க் தண்ணீரை உறிஞ்சாது, அடித்துணி உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பருத்தி அடித்துணியில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பது இதை மோசமாக்கும். அழுக்குப் பட்டால் மென்மையான சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், பூச்சு கரைந்து அந்த இடம் மட்டும் மங்கிவிடும்.

விற்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும்

இணையத்தில் விற்கிறீர்கள் என்றால், ஒரே மாதிரிப் பை மூன்றை அருகருகே வைத்து ஒரு படம் கட்டாயம் போடுங்கள். “நிறம் மாறுபடலாம்” என்று சின்ன எழுத்தில் எழுதுவதைவிட அந்த ஒரு படம் அதிகம் சொல்லும். விலை கூடிய பையாக இருந்தால், அனுப்பப்போகும் அதே பையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். “சார், இது படத்துல இருந்த மாதிரி இல்லையே” என்ற அழைப்பு அதன் பிறகு வராது.

ஒவ்வொரு பையின் முகப்புத் துண்டுக்குப் பக்கத்திலிருந்து உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து, எந்தப் பைக்கு என்று எழுதிச் சேமித்து வையுங்கள். ஓரிரு ஆண்டு கழித்து மூலை தேய்ந்து பழுதுக்கு வரும்போது அது உதவும். ஆனால் எடுத்த எடுப்பில் ஒட்டிவிடாதீர்கள். பை வெளியில் அலைந்து வெளுத்திருக்கும், உங்கள் துண்டு அலமாரிக்குள் கருத்தே இருந்திருக்கும். அதைச் சில வாரம் வெயில் ஜன்னலில் வைத்து, அவ்வப்போது பையின் மேல் வைத்து ஒப்பிட்டு, நிறம் சேர்ந்த பிறகு ஒட்டுங்கள்.